கவுன்சிலிங்கில் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சியால் உண்மையிலேயே பயன் உண்டா?

மூச்சை இழுத்து விடச் சொல்வதற்கு ஏன் பணம் கொடுத்து கவுன்சிலரிடம் போக வேண்டும், யூடியூப் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பயன்பட்டது. ஆனால் நான் நினைத்துக்கொண்டு போன விதத்தில் இல்லை.

எனக்கு முதல் பேனிக் அட்டாக் (திடீரென்று உடம்பையே ஆட்டிவைக்கும் பயம்) வந்தது கோவையில், காந்திபுரத்திலிருந்து உக்கடம் போகும் டவுன் பஸ்ஸில். நெஞ்சு அடைத்தது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போனது, கண் இருட்டியது. சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எதிலும் குறை இல்லை. அப்புறமும் அடிக்கடி வந்தது, பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். வீட்டில் எல்லாரும் "நல்லா மூச்சை இழுத்து விடு" என்பார்கள், நானும் வாயைத் திறந்து பெரிது பெரிதாக இழுப்பேன், இழுக்க இழுக்க இன்னும் மோசமாகும்.

கடைசியில் ஓர் உளவியல் ஆலோசகரிடம் போனேன். இரண்டாவது வாரம் அந்த மேடம் செய்ததை மறக்கவே முடியாது. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு எதுவும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அவர் எதிரிலேயே ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். நிமிடம் முடிவதற்குள் அதே மரமரப்பு, அதே தலைசுற்றல், பஸ்ஸில் வந்தது அப்படியே வந்தது. "இப்ப இதை நீங்கதான் வரவழைச்சீங்க, பாருங்க" என்றார். வேகமாக மூச்சு வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு தேவைக்கு மேல் வெளியேறி, ரத்தத்தின் காரத்தன்மை கூடி, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால்தான் இதெல்லாம் வருகிறதாம். ஆக்சிஜன் குறைந்து அல்ல. மூச்சு போதவில்லை என்று பயந்து நான் மேலும் மேலும் இழுத்ததுதான் வினையாகியிருக்கிறது. எனக்குப் பாதி பயம் அந்த நாற்காலியிலேயே போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் பயிற்சி. வயிற்றில் கை வைத்து, மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு. சாதாரணமாக நாம் 12 முதல் 20 வரை விடுகிறோம். விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மூச்சு வெளியே போகும்போதுதான் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. நாடியில் விரல் வைத்துக்கொண்டு செய்தால் சிலருக்கு அது கையிலேயே தெரியும். பயம் வரும்போது மட்டும் செய்தால் கைகொடுக்காது, ஒன்றுமே இல்லாத நாளிலும் தினமும் பத்து நிமிடம் செய்தேன்.

இனி நான் சொல்வது உங்களுக்கு விநோதமாகப் படலாம். ஒரு மாதம் கழித்து, இனி அட்டாக் வரும்போது மூச்சை எண்ணாதீர்கள், அப்படியே இருந்து பாருங்கள் என்றார் மேடம். எனக்குக் கோபமே வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் அதைத் தாயத்து மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன், எண்ணியதால்தான் பிழைத்தேன் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை இருக்கும்வரை பயம் ஆபத்தில்லாதது என்பதை மனசு கற்றுக்கொள்ளாதாம். 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்விலும், பேனிக்குக்கான சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு வழி) சிகிச்சையோடு மூச்சுப் பயிற்சியைச் சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. சரி, அதனால் அது வீண் என்று நான் சொல்ல மாட்டேன், பேசவே முடியாமல் நடுங்கிக்கொண்டு போன என்னை உட்கார்ந்து பேச வைத்தது அதுதான். இந்தப் பயிற்சியை எப்போது பிடித்துக்கொள்ள வேண்டும், எப்போது கைவிட வேண்டும் என்று ஆளைப் பார்த்துச் சொல்ல யூடியூபால் முடியாது.

மூச்சை நீண்ட நேரம் அடக்கும் பயிற்சிகளைப் பதற்றம் உள்ளவர்கள் தாமாக முயல வேண்டாம். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சு விடுவதும் வேண்டாம், அது ஆபத்து. சிலருக்கு, குறிப்பாகப் பழைய மன அதிர்ச்சி உள்ளவர்களுக்கு, மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடும், அப்படியிருந்தால் வெட்கப்படாமல் கவுன்சிலரிடம் சொல்லிவிடுங்கள், வேறு வழி காட்டுவார். நெஞ்சு வலி முதல்முறை வருகிறது என்றால் முதலில் டாக்டரிடம்தான். பணம்தான் தடை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.