மறுபடியும் ஒரு தொற்று வந்து பள்ளிக்கூடங்களை மூடினால் பிள்ளைகளின் படிப்பு என்னவாகும்? யாழ்ப்பாணத்தில் 2020ஐ எப்படிச் சமாளித்தீர்கள்?

கேள்வி கேட்டவரும் யாழ்ப்பாணம்தான். பிள்ளைகள் இருவர்: ஒருவர் பத்தாம் ஆண்டு, மற்றவர் முதலாம் ஆண்டு. எங்காவது புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே நெஞ்சு பதறுகிறது, ஓ.எல். (பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற பொதுச் சோதனை) எடுக்கப்போகிற மூத்த பிள்ளைக்கு இப்போதே ஒரு டாப்லெட் வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். 2020 மார்ச்சில் என் வீட்டிலும் அப்படியே இதே கணக்கு. மகள் பத்தாம் ஆண்டு, மகன் முதலாம் ஆண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது முழுக்க மகளுக்காக. அடி விழுந்தது மகனுக்கு.

எனக்குச் சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் இடையில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்னக் கடை. கொப்பி, பேனை, போட்டோ கொப்பி, லமினேட். பள்ளிக்கூடம் நடந்தால்தான் எனக்கு வியாபாரம். 2020 மார்ச் 12 வியாழக்கிழமை பிள்ளைகள் போய்விட்டு வந்தார்கள். அன்று பின்னேரம் அறிவித்தார்கள், அடுத்த நாளிலிருந்து லீவு. ஏப்ரல் 20 வரைதான் என்றார்கள். நானும் நம்பினேன். அப்புறம் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு. மற்ற ஊர்களில் இடையிடையே தளர்த்தினார்கள். யாழ்ப்பாணம் அபாய மாவட்டம் என்று எங்களை அப்படியே பூட்டி வைத்திருந்தார்கள்.

அப்போது ஊரில் பெரியவர்கள் எல்லோர் வாயிலும் ஒரே கதை: "நாங்கள் செல்லடிக்குள்ளயே படிச்ச ஆக்கள், இதென்ன பெரிய விசயம்." நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வந்ததால் எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது எனக்கு 14 வயது. கொடிகாமத்தில் ஒரு மாமரத்துக்குக் கீழே, உரப்பையை விரித்து இருந்து படித்தேன். கரும்பலகையை ஒரு கிளையில் சாய்த்து வைத்திருப்பார்கள். காற்று அடித்தால் அதைப் பிடிக்க ஒருவர் முறை வைத்து நிற்போம். மின்சாரம் கிடையாது, இரவில் ஜாம் போத்தல் விளக்கு. ஆனாலும் படித்தோமே என்ற பெருமை இன்றைக்கும் இருக்கிறது.

அந்தப் பெருமைதான் என்னை ஏமாற்றியது. மரத்தடியில் நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். பக்கத்தில் இருந்தவன் வாசிக்கும்போது வாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். எழுத்தைப் பிழையாக எழுதினால் ரீச்சர் கையைப் பிடித்து எழுத வைப்பா. இடம் போனாலும் கூட்டம் கூடவே வந்தது. கொரோனாவில் வீடு இருந்தது, மேசை இருந்தது, மின்சாரம் இருந்தது. கூடி இருப்பதைத்தான் கூடாது என்றார்கள். இந்த வித்தியாசம் எனக்கு விளங்க ஒன்றரை வருடம் பிடித்தது.

மகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரியூட்டரிகள் மூடியதும் படிப்பிக்கிற சேர்மார் எல்லோரும் சூமுக்கு வந்துவிட்டார்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், எல்லாமே போனில். நேத்ரா ரிவியிலும் பாடங்கள் போட்டார்கள், பெரிய பிள்ளைகளுக்கு அவை நல்ல உதவிதான். 2020 நவம்பர் 23இல் அவளுடைய வகுப்புக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. மூன்று கிழமை போவதற்குள் மருதனார்மடம் சந்தையில் தொற்று வந்து எங்கள் பக்கம் மறுபடி பூட்டு. அப்போது வீட்டில் அழுகையும் சண்டையும். ஆனால் 2021 டிசம்பரில் நடக்கவேண்டிய ஓ.எல். 2022 மே 23இல்தான் தொடங்கியது. அவளுக்கு ஐந்து மாதம் கூடக் கிடைத்தது. நான் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் அவள் சோதனை எழுதி முடித்தாள். சித்தியும் அடைந்தாள். அந்த இரண்டு வருடத்தில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, கண்ணாடி போட வேண்டி வந்தது, அது வேறு. படிப்பு என்று பார்த்தால் அவள் தப்பிவிட்டாள்.

எல்லாச் சோதனைக்கும் இதுதான் நடந்தது. 2020 ஏ.எல். (பதின்மூன்றாம் ஆண்டுச் சோதனை) ஓகஸ்டிலிருந்து ஒக்டோபருக்குப் போனது. 2020 ஓ.எல். 2021 மார்ச்சுக்குப் போனது. 2021 ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் 2022 ஜனவரி 22இல் நடந்தது. சோதனை எழுதுகிற பிள்ளைக்காக ஒரு நாடே காத்து நிற்கும். 2020இல் பள்ளிக்கூடம் திறந்தபோதும் முதலில் கூப்பிட்டது சோதனை எழுதுகிற 5, 11, 13ஆம் ஆண்டுகளைத்தான். எழுத்துக் கூட்டப் பழகுகிற ஆறு வயதுக்காரனுக்காக யார் எதைத் தள்ளி வைத்தார்கள்?

மகன் 2020 ஜனவரியில்தான் முதலாம் ஆண்டு போனான். இரண்டு மாதம் முடியவில்லை, பூட்டு. ஓகஸ்டில் திறந்து, வகுப்புகளுக்கு நாள் பிரித்துக் கூப்பிட்டார்கள். ஒக்டோபர் தொடக்கத்தில் கொழும்புப் பக்கம் இரண்டாம் அலை, மறுபடி பூட்டு. 2021 ஜனவரியில் திறந்தது, சித்திரை வருடப்பிறப்போடு அதுவும் போனது. ஆரம்பப் பிரிவு ஒழுங்காகத் திறந்தது அந்த வருடம் ஒக்டோபர் 25. நடுவில் போன பத்தொன்பது மாதத்தில் அவன் வகுப்பறையில் இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம் தேறுமோ தெரியாது.

வீட்டில் இருந்தது ஒரு நல்ல போன். கனடாவிலிருந்து மைத்துனர் அனுப்பியது. காலை எட்டரைக்கு மகனின் ரீச்சர் வட்ஸ்அப்பில் வொய்ஸ் போடுவா, அதே எட்டரைக்கு மகளுக்கு விஞ்ஞானம். போன் யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள். "அவன் சின்னப் பிள்ளைதானே, பின்னேரம் கேட்கலாம்" என்பது வீட்டில் சட்டம் போல ஆகிவிட்டது. பின்னேரம் அவனுக்கு நித்திரை வரும், இல்லாவிட்டால் டேட்டா முடிந்திருக்கும். 2021 ஜூலை 12இலிருந்து ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக ஓன்லைன் கற்பித்தலை நிறுத்தினார்கள். அவர்களுடைய கேட்பு நியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஒரு வொய்ஸும் இல்லை.

நானோ கடைக்குள் இருந்தபடி மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் செயலட்டை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் சைக்கிளில் வருவா. அவவிடம் நல்ல போன் இல்லை, பக்கத்து வீட்டுப் பெடியனின் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, அதில் ரீச்சர் அனுப்பிய படங்களைத் தாளில் எடுத்துப் போவா. ஒரு நாள் காசை எண்ணித் தரும்போது சொன்னா, "பள்ளிக்கூடம் நடந்தா ஒரு நேரச் சாப்பாடு அங்கயே முடிஞ்சிடும் அண்ணை. இப்ப மூண்டு நேரமும் நான்தான் பாக்கோணும்." படிப்பைப் பற்றி அவ கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. அந்த நிலைமையில் அது இரண்டாவது கவலை.

2021 செப்டெம்பர், தனிமைப்படுத்தல் ஊரடங்கு. கடை பூட்டு. ஒரு பின்னேரம் மகன் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்து மணி மணியாக வாசித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் விரல் ஒரு வரியில், வாய் வேறொரு வரியில். சரி, சின்னப் பிழை என்று நினைத்தேன். பிறகு ஏதோ உறுத்தியது. கடைக்குள் போய் அந்தப் பக்கத்தில் படத்தை வெள்ளைத் தாளால் மறைத்து, எழுத்தை மட்டும் ஒரு போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"இதை வாசிச்சுக் காட்டு பாப்பம்."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில், "இதில படம் வரேல்லை அப்பா, மெசின் பிழை" என்றான்.

அத்தனை நாளும் அவன் வாசிக்கவே இல்லை. வொய்ஸில் கேட்டதையும் அக்கா சொன்னதையும் பாடமாக்கி, படத்தைப் பார்த்து ஒப்புவித்திருக்கிறான். அ, ஆ தெரியும். க, கா தெரியும். கொம்பு போட்டால் தடுமாறுவான், கெ, கே, கொ எல்லாம் அவனுக்கு ஒன்று. இரண்டாம் ஆண்டு பாதி தாண்டிய பிள்ளை. என் மனுசி குசினிக்குள் நின்று அழுதா. எனக்கு அழுகை வரவில்லை, என் மேலேயே கோபம் வந்தது. அறிவு கெட்ட பிள்ளை இல்லை, கெட்டிக்காரன் என்பதால்தான் இத்தனை நாள் ஒளிக்க முடிந்திருக்கிறது.

சமாளித்தது மாமியால்தான், அவனுடைய அம்மம்மா. படித்தது எட்டாம் ஆண்டு வரை. "தம்பி, நீங்கள் ஒண்டும் பேசாதேங்கோ, நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் விடிய முற்றத்தைக் கூட்டி, மணலில் அவனை இருத்தினா. தைப்பூசத்துக்கு ஏடு தொடக்கியபோது அரிசியில் எழுதிய அதே விரல். ஒரு நாளைக்கு ஒரே ஒரு எழுத்து வரிசை. காகிதத்தில் அழிறப்பர் போட்டு அழித்தால் பிழை செய்த தடம் தெரியும், மணலில் கையால் தடவினால் போச்சு. அவனுக்கு அது பிடித்துவிட்டது. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரு நாளும் வைத்திருக்கமாட்டா, அவன் கெஞ்சினாலும்.

எழுத்து வந்த பிறகு வாசிக்க என்ன கொடுப்பது என்று ஒரு சிக்கல். வகுப்புப் புத்தகம் முழுக்க அவனுக்கு மனப்பாடம். கடையில் பொதி சுற்ற வைத்திருந்த பழைய உதயன் பேப்பர்கள் கிடந்தன. அதில் அவன் தானாகவே பிடித்துக்கொண்டது எதை என்று சொன்னால் சிரிப்பீர்கள்: மரண அறிவித்தல்கள்! எழுத்து பெரிது. ஒவ்வொன்றிலும் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: பிறப்பிடம், வதிவிடம், அன்னார், பாசமிகு, மருமக்கள். ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறும். புங்குடுதீவு, உரும்பிராய், சுவிஸ், ஸ்காபரோ. தெரிந்த சொல்லுக்கு நடுவில் ஒரு தெரியாத சொல், அதை எழுத்துக் கூட்டித்தான் ஆகவேண்டும். வீட்டுக்கு வந்த சின்னம்மா ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு, "பிள்ளையிட்ட இதையே குடுக்கிறது?" என்று ஏசினா. மாமி அசையவில்லை. ஒரு நாள் "அந்தியேட்டி" என்ற சொல்லை யாரும் உதவாமல் அவன் வாசித்தபோது நான் அந்த வீட்டுக்காரருக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு மகனுக்கு ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒக்டோபரில் பள்ளிக்கூடம் திறந்தபோது ரீச்சரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவ ஆச்சரியப்படவே இல்லை. "உங்கட மகன் மட்டுமில்லை, வகுப்பில அரைவாசி இப்பிடித்தான். நீங்கள்தான் வந்து சொன்னீங்கள்" என்றா. மூன்றாம் ஆண்டில் அவன் மற்றவர்களோடு சேர்ந்து ஓடத் தொடங்கினான். சொல்வதெழுதலில் ண, ன சண்டை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது எனக்கும் உண்டு.

இனி உங்களுடைய பயத்துக்கு வருகிறேன். மறுபடி மூடுவார்களா என்று என்னால் சொல்ல முடியாது. 2020இல் தடுப்பூசியும் இல்லை, நோயைப் பற்றி ஒன்றும் சரியாகத் தெரியவும் இல்லை, அதனால் மொத்தமாக மூடினார்கள். ஆனால் மூடுவதற்குத் தொற்றுத்தான் வரவேண்டும் என்றில்லை. 2022 ஜூனில் நோய் அடங்கியிருந்தது, பெற்றோல் இல்லை என்று பள்ளிக்கூடம் மூடினார்கள். அப்போது நான் டேட்டாவுக்கு ஓடவில்லை. மகனின் வகுப்பில் பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகள் நான்கு பேரைக் கூட்டி வந்து மாமியின் முற்றத்தில் இருத்தினோம். தொற்று என்றால் அப்படி நான்கு பேரைச் சேர்ப்பது எப்போது சரி, எப்போது ஆபத்து என்பதைப் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டுத்தான் செய்ய வேண்டும். 2020இல் ஒளித்து வகுப்பு வைத்த ஆட்களையும் எனக்குத் தெரியும், அதை நான் சொல்லவில்லை.

மூத்த பிள்ளையின் சேர்மாரின் நம்பர்கள், கடந்தகால வினாத்தாள்கள், இவை கையில் இருந்தால் போதும். அந்தப் பிள்ளைக்கு ஊரே உதவிக்கு வரும். டாப்லெட் வாங்கக் காசிருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதை மூத்த பிள்ளைக்கு என்று வாங்காதீர்கள். பள்ளிக்கூடம் மூடினால் காலை எட்டரைக்கு வீட்டில் இருக்கிற நல்ல போன் சின்னதுக்கு என்று இப்போதே பேசி வைத்துவிடுங்கள். பத்தாம் ஆண்டுப் பிள்ளை பாடத்தைப் பிறகு பதிவில் கேட்டுக்கொள்ளும்.

இன்னொன்று, இதற்குத் தொற்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றைக்கு இரவே சின்னப் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, நடுப் பக்கத்தில் ஒரு வரியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ஏசாமல் கேளுங்கள். வாசித்தால் நல்லது. வாசிக்காவிட்டால் கீழே எழுதுங்கள், மாமியிடம் கேட்டுச் சொல்கிறேன்.