பெற்றோரோடு 12 நாளில் ரயிலில் ஆறு ஐரோப்பிய நகரங்கள் பார்க்க முடியுமா?

பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்தின் மலையூரான இன்டர்லாக்கன், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம். 60 தாண்டிய அம்மா அப்பாவோடு 12 நாளில் ரயிலிலேயே முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 2023 மே மாதம் இதே ஆறு ஊருக்கு, இதே 12 நாளில், என் பெற்றோரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு போய்வந்தேன். அதனால்தான் உங்களைத் தடுக்க நினைக்கிறேன்.

நாளை எண்ணாதீர்கள், இரவை எண்ணுங்கள். 12 நாள் என்றால் 11 இரவு. நான் போட்டது பாரிஸ் 3, ஆம்ஸ்டர்டாம் 2, இன்டர்லாக்கன் 2, வெனிஸ் 1, ஃப்ளாரன்ஸ் 1, ரோம் 2. தாளில் எழுதிப் பார்த்தபோது மிக அழகாக இருந்தது. இடையில் ஐந்து முறை ஊர் மாற வேண்டும் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பாரிஸிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வண்டியில் மூன்றே கால் மணி நேரம்தானே என்று நானும் நினைத்தேன். காலை ஆறரைக்கு எழுந்து பெட்டி கட்டி, எட்டு மணிக்கு அறையைக் காலி செய்தோம். பாரிஸ் மெட்ரோவில் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது. நான்கு சூட்கேஸையும் படியில் இறக்கி ஏற்றி, கார் து நோர் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே போய் நின்று, வண்டி பிடித்து, அந்த ஊரில் டிராம் ஏறி, விடுதியில் அறைச் சாவி கைக்கு வந்தபோது மணி மூன்று. வண்டி ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. அப்படியும் ஏழு மணி நேரம் போய்விட்டது. அப்பா படுத்தவர் மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்தார்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து இன்டர்லாக்கன் இன்னும் மோசம். சுவிட்சர்லாந்தின் எல்லை நகரமான பாசெல் வரை கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், அங்கே மாறி மேலும் இரண்டு மணி நேரம். பகல் முழுக்க ஜன்னலோரம். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இரண்டு இரவு என்று போட்டிருந்தேனே, அதில் எங்களுக்குக் கிடைத்த முழுப் பகல் ஒன்றே ஒன்று. அந்த ஒரு பகலும் மழை.

அம்மா இந்தப் பயணத்தில் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றுதான்: பனிமலையைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். அதற்கு இன்டர்லாக்கனிலிருந்து மலை ரயிலில் யுங்ஃப்ராயோக் கணவாய்க்குப் போக வேண்டும், அது 3454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தள்ளுபடி இல்லாமல் போய்வர ஆளுக்கு 200 சுவிஸ் ஃப்ராங்க்குக்கு மேல். காலையில் மலை உச்சி கேமராவைப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை மூட்டம். அவ்வளவு பணம் கட்டி மேகத்துக்குள் போய் நிற்பதா என்று விட்டுவிட்டோம். அடுத்த நாள் காலை பெட்டியோடு ஸ்டேஷனுக்கு நடக்கிறோம், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, யுங்ஃப்ராவ் சிகரம் வெயிலில் வெள்ளையாக நிற்கிறது. அம்மா நின்றுவிட்டார். "இன்னைக்கு ஒரு நாள் இருந்துட்டு நாளைக்குப் போகக் கூடாதாப்பா?" என்று கேட்டார். வெனிஸ் விடுதியும் மிலான் டிக்கெட்டும் பணம் திரும்பாத வகை. முடியாதும்மா என்றேன். அதற்குமேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வலிக்கிறது.

அன்று மாலை வெனிஸ். சாந்தா லூச்சியா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே பெரிய கால்வாய், பார்க்க அற்புதம்தான். எங்கள் விடுதி ஸ்கால்சி பாலத்துக்கு அந்தப் பக்கம். வெனிஸின் பாலங்கள் பெரும்பாலும் படிக்கட்டுப் பாலங்கள், சூட்கேஸின் சக்கரம் அங்கே உதவாது. அப்பா 66 வயதில் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஏறினார். நான் இரண்டு முறை ஏறி இறங்கினேன். மறுநாள் ஃப்ளாரன்ஸில் உஃபீஸி அருங்காட்சியகத்துக்குப் போகிற தெம்பு யாருக்கும் இல்லை, எல்லோரும் தூங்கினோம்.

முதுகுப் பையோடு 15 நாளில் பத்து நாடு பார்த்தவர்கள் நான் பயமுறுத்துவதாகச் சொல்வார்கள். 25 வயதில் தனியாகப் போனால் நானும் அப்படித்தான் போவேன். இங்கே கேள்வி பெற்றோரைப் பற்றியது. அவர்களோடு மூன்று ஊர் போதும் என்பேன். அவ்வளவு தூரம் செலவு செய்து போய் மூன்று ஊரோடு திரும்புவதா என்றும் கேட்பார்கள். இரண்டு வருஷம் சேர்த்த பணத்தில்தான் நானும் போனேன். அந்தப் பணத்தில் பாதி, பெட்டி தூக்குவதற்குக் கொடுத்ததாகத்தான் இப்போது நினைக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 12 நாள் என்பது நான் விரும்பி வைத்த கணக்கு இல்லை. 20 நாள் விடுப்பு சேர்ந்து கிடந்தது. அலுவலகத்தில் சனி ஞாயிறோடு சேர்த்து 12 நாளுக்கு மேல் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மீதி விடுப்பு அந்த டிசம்பரில் காலாவதியானது, காசாகவும் தரவில்லை. ஒன்பது வருஷம் வேலை பார்த்த இடம். பெற்றோருக்கு நடக்க முடிகிற வயதில் அவர்களோடு இருக்க நாள் கேட்டால், வேலையைத் தள்ளிவிடுவதற்குக் கேட்கிற மாதிரி பார்க்கிறார்கள். உங்களுக்கு 15 நாள் கிடைக்க வாய்ப்பிருந்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

சரி, உங்கள் 11 இரவுக்கு வருகிறேன். பாரிஸ் 4, இன்டர்லாக்கன் 4, ஃப்ளாரன்ஸ் அல்லது ரோம் 3. பாரிஸில் இறங்கி இத்தாலியிலிருந்து விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், திரும்பி வருகிற பயணம் மிச்சம். பாரிஸின் கார் து லியோன் ஸ்டேஷனிலிருந்து பாசெல் மூன்று மணி நேரம், அங்கிருந்து இன்டர்லாக்கன் இரண்டு மணி நேரம். அடுத்தது இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீட்ஸில் வண்டி மாறி மிலான், அங்கிருந்து அதிவேக வண்டியில் ஃப்ளாரன்ஸ் இரண்டு மணி நேரத்துக்குள், ரோம் என்றால் மூன்று மணி நேரத்தை ஒட்டி. பெட்டியைத் தூக்கும் நாள் இரண்டே இரண்டு. இன்டர்லாக்கனில் நான்கு இரவு இருந்தால், தினமும் காலையில் கேமராவைப் பார்த்து, வானம் தெளிந்த நாளில் மலைக்கு டிக்கெட் வாங்கலாம். மேகமான நாளில் பெட்டி இல்லாமல் பெர்ன் நகரத்துக்குப் போய்வாருங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இரண்டு நீண்ட பயணத்துக்கு, பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெய்ல் பாஸ் தேவைப்படாது. பிரான்ஸ், இத்தாலி அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தாலும் இருக்கைப் பதிவுக்குத் தனிக் காசு. முன்கூட்டித் தனித்தனியாக எடுத்தால் பெரும்பாலும் மலிவு. ஆனால் விசா வரும்வரை பணம் திரும்பாத எதையும் வாங்காதீர்கள். இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஷெங்கன் விசாவை அதிக இரவு தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். இந்தத் திட்டத்தில் பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் சமமாக வருவதால், முதலில் நுழையும் பிரான்ஸிடம் விண்ணப்பம்.

அப்புறம், பாசெலிலிருந்து போகும்போது தூன் ஊர் தாண்டியதும் ஏரி இடது பக்கம் வரும், இன்டர்லாக்கன் வரை கூடவே வரும். அம்மாவை அந்த ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.