மாமியார் குழந்தைக்கு மதலேன் என்று பெயர் வைக்கச் சொல்கிறார். அது விலைமகளாக இருந்து மனந்திரும்பிய மகதலா மரியாவின் பெயர் ஆயிற்றே, வைக்கலாமா?

வையுங்கள். என் பெயரும் மதலேன்தான். ஐம்பத்திரண்டு வருடமாக இந்தப் பெயரோடு இருக்கிறேன்.

முதல் பிள்ளை, பெண் பிள்ளை, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயத்தைத் தப்பு சொல்ல மாட்டேன். எனக்கே அது நடந்தது.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் எங்களுக்கு. பதினொரு வயதில் ஞானோபதேச வகுப்பில், அதாவது கோயிலில் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில், ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, அந்தப் புனிதரைப் பற்றி ஒரு வரி சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும், "மதலேனா? கெட்ட வழியில போயிட்டு அப்புறம் ஆண்டவர் காலைக் கண்ணீரால கழுவினவ" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு வருடம் எனக்குப் பெயரே "பாவி"தான். வீட்டுக்குப் போய்ப் பெயரை மாற்றச் சொல்லி அழுதேன்.

பெயர் வைத்தது அம்மாச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. வருடா வருடம் பெரிய வெள்ளியில் வாசிக்கும் இயேசுவின் பாடுகளின் வரலாற்றைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவள். கருவாடு காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏளா, அன்னைக்கு அத்தனை ஆம்பளையும் ஓடிட்டானுவ. அவ நின்னா. நின்னவ பேரத்தான் ஒனக்கு வச்சேன்."

அம்மாச்சி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், இல்லாவிட்டால் யாராவது பின்னூட்டத்தில் சண்டைக்கு வருவார்கள்: சிலுவையடியில் அன்புச் சீடரும், அதாவது இயேசு அன்பு செய்த சீடரும், நின்றார், யோவான் நற்செய்தி 19-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆண்களை மட்டம் தட்ட நான் இதை எழுதவில்லை.

எனக்குப் பெயர் வைத்த கதை இது. இனி நற்செய்தியில் இருப்பது. லூக்கா 7-ல் பரிசேயர் சீமோன் வீட்டில் இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்குப் பெயரே சொல்லப்படவில்லை. அடுத்த அதிகாரத்தில்தான் மகதலா மரியா வருகிறார். ஏழு பேய்கள் நீங்கப் பெற்றவர் என்று இருக்கிறது. அதை நோய் என்று வைத்துக்கொள்ளலாம், துன்பம் என்று வைத்துக்கொள்ளலாம். விபசாரம் என்று எங்கேயும் இல்லை. ஏரோதின் மாளிகை மேற்பார்வையாளர் கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா, இவர்களோடு சேர்ந்து தம் உடைமையைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்தவர் அவர். கலிலேயாவிலிருந்து எருசலேம் வரை கூடவே நடந்தவர்.

குழப்பம் வந்தது 591-ல். திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு மறையுரையில் அந்தப் பெயரில்லாத பெண்ணையும், மார்த்தா, லாசர் ஆகியோரின் சகோதரியான பெத்தானியா மரியாவையும், மகதலா மரியாவையும் ஒரே ஆள் என்று சொல்லிவிட்டார். கீழைத் திருச்சபைகள் மூவரையும் தனித்தனியாகவே வைத்திருந்தன. நம் கத்தோலிக்கத் திருச்சபையில் 1969-ல்தான் வழிபாட்டு நாட்காட்டியில் திருத்தினார்கள். 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் ஜூலை 22-ஐ நினைவு நாளிலிருந்து விழாவாக உயர்த்தினார். திருத்தூதர்களுக்குக் கொடுக்கிற அதே தகுதி. கிட்டத்தட்ட 1400 வருடம் ஒரு பெண் செய்யாத பாவத்தைச் சுமந்திருக்கிறார்.

நான் பதினாலு வருடம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தேன். இதை வகுப்பில் சொன்னதற்கு ஒரு பெற்றோர் வந்து, "பாவியா இருந்தவங்க புனிதையானதுதானே எங்களுக்கு ஆறுதல், அதையும் எடுத்துட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தப் பெயரில்லாத பெண்ணை நானும் நேசிக்கிறேன், அவளைக் கேவலமாக நினைத்து இதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் கதையை மதலேன் தலையில் வைத்ததும் மதலேன் செய்தது மறைந்துபோகிறதே, அதுதான் என் ஆற்றாமை.

என்ன செய்தார் என்று யோவான் 20-ஐ எடுத்துப் பாருங்கள். விடியுமுன், இருட்டோடு கல்லறைக்குப் போகிறார். கல் புரண்டிருக்கிறது. ஓடிப்போய்ப் பேதுருவிடமும் அன்புச் சீடரிடமும் சொல்கிறார். இருவரும் ஓடி வந்து பார்க்கிறார்கள். பத்தாம் வசனத்தில் திரும்பிப் போய்விடுகிறார்கள். பதினோராம் வசனத்தில் மரியா அங்கேயே நின்று அழுதுகொண்டிருக்கிறார். உயிர்த்தெழுவார் என்ற எதிர்பார்ப்பில் அல்ல. உடலையாவது கொடுங்கள், எடுத்துக்கொண்டு போகிறேன் என்று தோட்டக்காரர் என்று நினைத்தவரிடம் கேட்கிறார். எதுவும் மிச்சமில்லாத இடத்திலும் நகராமல் நிற்கிற பற்று அது. "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு அடையாளம் தெரிகிறது. உயிர்த்த ஆண்டவர் சீடர்களிடம் போய்ச் சொல்லும்படி அனுப்பிய முதல் ஆள் அவர். போய்ச் சொன்ன பெண்களின் பேச்சைத் திருத்தூதர்கள் பிதற்றலாக எண்ணினார்கள் என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பதினேழு நாளும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தப் பதினோராம் வசனம்தான் துணை. அவர் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த வசனம் என்னை விட்டுப் போகவில்லை.

இந்தப் பெயரால் நான் உண்மையில் பட்ட பாடு வேறு. ரேஷன் கார்டில் "மதலைன்", ஆதாரில் "மேக்டலின்", வங்கிப் புத்தகத்தில் "மதலினா". குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கப் பதினொரு மாதம் அலைந்தேன். கணவர் இறந்த துக்கத்தோடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு. உச்சரிக்கத் தெரியாவிட்டால் ஒரு தடவை கேட்டு எழுத மாட்டார்களா? அதனால் பிறப்புச் சான்றிதழை வாங்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் அங்கேயே நின்று சரிபாருங்கள்.

அதற்கு முன்னால், ஏன் இந்தப் பெயர் என்று உங்கள் மாமியாரிடம் ஒரு தடவை கேளுங்கள்.