மகன் கால்பந்து ஆடுவதைப் படமெடுக்க அப்பாவின் பழைய நிக்கான் போதுமா?

அப்பாவின் நிக்கான் எஃப்எம்2 கையில் இருக்கிறது, மகன் புளோக்குக்குப் பக்கத்துத் திடலில் கால்பந்து ஆடுவதை அதில் எடுக்கலாமா, இல்லை ஆட்டோஃபோகஸ் கேமரா வாங்கியே ஆகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கால்பந்துக்கு என்றால் வாங்கிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கையால் ஃபோகஸ் வைக்கும் ஃபிலிம் கேமரா என்றாலும் எஃப்எம்2 லேசுப்பட்டதில்லை. 1982இல் வந்தபோதே அதில் 1/4000 நொடி ஷட்டர் இருந்தது. எந்த ஓட்டத்தையும் அசையாமல் பிடிக்க அது தாராளம். இடிப்பது ஃபோகஸில்தான். 200 மிமீ லென்ஸின் திறப்பை எஃப்/4இல் வைத்துப் பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஆளை எடுத்தால், படத்தில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 60 சென்டிமீட்டர். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி ஓடிவரும் பையன் அதை நொடியில் எட்டில் ஒரு பங்குக்குள் கடந்துவிடுவான். வியூஃபைண்டர் நடுவில் உள்ள சிறு வட்டத்தில் இரண்டாகப் பிளந்து தெரியும் உருவத்தை ஒன்றுசேர்த்து, சரி, அமுக்கலாம் என்று நினைக்கும்போது அவன் அங்கே இருக்கமாட்டான். லென்ஸின் அதிகபட்சத் திறப்பே எஃப்/5.6தான் என்றால் அந்த வட்டத்தில் ஒரு பாதி கறுத்தும் போகும்.

அப்படியானால் அந்தக் காலத்தில் எப்படி எடுத்தார்கள்? 1985இல் மினோல்டா 7000 என்ற ஆட்டோஃபோகஸ் கேமரா வரும்வரை விளையாட்டுப் படக்காரர்களுக்குக் கைதான் கதி. ஆள் ஓட ஓட லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே போகும் பழக்கம் அவர்களுக்கு விரலில் ஊறியிருந்தது. அதைவிட முக்கியம், எங்கே நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த இடத்தில் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்: கோல் வாசல், ஸ்டம்ப், தடை ஓட்டத்தின் தடை.

இந்தக் காத்திருக்கும் வித்தை இன்றைக்கும் செல்லும். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதிக்கு நான் கையால்தான் ஃபோகஸ் வைக்கிறேன். பூக்குழி நகராது, வருகிறவர் அதன் விளிம்பில்தான் காலை வைப்பார். அந்த விளிம்பில் வைத்துவிட்டு வளையத்தைத் தொடுவதில்லை. அங்கே ஆட்டோஃபோகஸை நம்பினால், முன்னால் நிற்பவர் கைபேசியைத் தூக்கியதும் அது அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளும். புகை வந்தால் முன்னும் பின்னும் தேடும். ஈர மஞ்சள் துணியும் அதற்குப் பிடிமானம் தராது. கையில் இருக்கும் வேப்பிலைக் கொத்தின் ஓரம் கிடைத்தால் உண்டு. வலைக்கு மேல் காலால் பந்தை உதைத்து ஆடும் செபாக் தக்ரோவும் இதே கணக்குதான். உதை வலைக்கு மேலேதான் விழும், எனவே வலையில் ஃபோகஸ். ஆட்டக்காரர் எம்பும்போதே அமுக்க வேண்டும், கால் பந்தில் பட்ட பிறகு அமுக்கினால் பந்து போயே போச்சு.

உங்கள் மகனோ எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. அங்கேதான் ஆட்டோஃபோகஸ் காசுக்கு வேலை செய்கிறது. ஃபேஸ் டிடெக்‌ஷன் என்ற முறை, லென்ஸின் இரு பக்கமிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, ஃபோகஸ் எந்தத் திசையில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைத் தேடிப் பார்க்காமலே சொல்லிவிடும். தொடர் ஃபோகஸில் கேமரா ஆளின் வேகத்தையும் கணக்கிட்டு, ஷட்டர் திறக்கும் நேரத்தில் அவன் எங்கே இருப்பான் என்று முன்னாலேயே லென்ஸை அங்கே கொண்டுபோய் வைக்கும். அதற்கு ஏஎஃப்-சி (கேனனில் செர்வோ) வைக்க வேண்டும். ஏஎஃப்-எஸ்ஸில் விட்டால் ஒருமுறை பூட்டிக்கொண்டு அதோடு நின்றுவிடும். ஆட்டோஃபோகஸைத் திட்டுகிற பலர் இந்த ஒன்றை மாற்றியிருக்கமாட்டார்கள். ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறைய வேண்டாம். திடலைச் சுற்றிக் கம்பி வலை இருந்தால், லென்ஸை வலையோடு ஒட்டிவைத்து லென்ஸின் திறப்பை (அப்பர்ச்சர்) முழுசாகத் திறந்துவிடுங்கள். தள்ளி நின்றால் கேமரா வலையைத்தான் படமெடுக்கும்.

அப்புறம், அப்பாவின் லென்ஸை ஒதுக்கிவிடாதீர்கள். நிக்கானின் இசட் வரிசை டிஜிட்டல் கேமராவில் எஃப்டிஇசட் என்ற இணைப்பு வளையம் (அடாப்டர்) போட்டால் அது பொருந்தும். ஃபோகஸ் கையால்தான். புதுசு கட்டாயமில்லை. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமரா விற்கும் கடைகள் இருக்கின்றன. வாங்கும் முன் லென்ஸுக்குள் கைபேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை சீக்கிரம் வரும், சிலந்தி நூல் மாதிரி தெரியும். வீட்டில் இருக்கும் அப்பாவின் லென்ஸையும் இன்றைக்கே அப்படிப் பார்த்துவிட்டு, ஈரப்பதத்தைக் குறைக்கும் டிரை கேபினட்டில் வையுங்கள்.