பழைய ரீகர்வ் வில் (நுனிகள் எதிர்ப்புறமாக வளைந்த வில்) ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பணத்தை எடுக்கும் முன் நாணேற்றிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். விடமாட்டேன் என்றால், சுவரில் மாட்டும் பொருளுக்கான விலையை மட்டும் பேசுங்கள்.

நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வீட்டில் எய்யும் நிலையில் ஏழு பழைய வில்கள், ஏழிலும் எய்கிறேன். முதல் வில் ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தையில் கிடைத்தது. பழைய சைக்கிள் சாமான்களுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் நடுவில், 'பேர்' (Bear) என்ற அமெரிக்கக் கம்பெனியின் வில் ஒன்று. "தம்பி, 1953-ல செஞ்சது, எழுதியே இருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர். எழுத்து உண்மைதான். ஆனால் அது காப்புரிமை பதிவான ஆண்டு, வில் செய்த ஆண்டு அல்ல. பல வருடம் கழித்துச் செய்த வில்களிலும் அதே எழுத்து இருக்கும். பேர் வில்லின் கைப்பிடியில் பதித்திருக்கும் உலோகக் காசைத் தடவிப் பாருங்கள். மரத்தோடு மட்டமாக இருந்தால் 1970-களின் தொடக்கத்துக்கு முந்தியது, மேலெழும்பி இருந்தால் பிந்தியது.

நாணேற்றியதும் வில்லின் நுனியிலிருந்து நாண் வழியாகக் கண்ணை ஓட்டுங்கள். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிதான் லிம்ப்; இரண்டு லிம்பின் நடுவிலும் நாண் ஓட வேண்டும். ஓரமாக ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது. வில்லைக் காலுக்கிடையில் விட்டு, தொடையால் வளைத்து நாணேற்றுபவர்களால் பெரும்பாலும் வரும் கோளாறு இது. வில்லை முறுக்காமல் வளைத்து நாணேற்ற உதவும் ஸ்டிரிங்கர் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், லிம்ப் மேல் பஞ்சை உருட்டுங்கள். இழை மாட்டும் இடத்தில் ஃபைபர்கிளாஸ் பிளந்திருக்கும். அடுக்கு பிரிந்த வில்லைச் சும்மா கொடுத்தாலும் எய்ய எடுக்காதீர்கள்.

நாண், கொஞ்சம் இழுபடும் பாலியெஸ்டர் இழையான டாக்ரானாகவே இருக்கட்டும். இன்றைய இழுபடாத நாண்களின் அதிர்வைத் தாங்கும்படி அந்தக் கால வில்நுனிகளைச் செய்யவில்லை.

வெயில்தான் நம் ஊரில் பெரிய எதிரி. பென் பியர்சன் என்ற இன்னொரு கம்பெனியின் வில்லை நாணோடு காரில் வைத்துவிட்டுப் பாயான் பாருவில் மத்தியானம் முழுக்க நிறுத்தியிருந்தேன். சாயங்காலம் முதல் அம்பை இழுக்கும்போது 'டிக்' என்று மெல்லிய சத்தம். மேல் லிம்பில் மரத்துக்கும் கண்ணாடியிழைக்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி. சூட்டில் பசை விட்டுவிட்டது. இன்றும் அதை எடுத்துப் பார்த்தால் மனசு வலிக்கிறது. இப்போது எல்லா வில்லும் நாண் கழற்றி, கூடத்தில் இரண்டு முளைகள் மேல் படுத்திருக்கின்றன. மூலையில் சாய்த்து வைத்தால் லிம்ப் முறுக்கும்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, அதாவது இழுக்கத் தேவையான விசை, 28 அங்குல இழுப்புக்கானது. ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு குறையும். பழைய வேட்டை வில்கள் பெரும்பாலும் 45-க்கு மேல்தான். இதுவே முதல் வில் என்றால் 30, 35-ஐத் தேடுங்கள். கைப்பிடிக்கு மேலே உள்ள எழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.