நோக்கத்தைக் கேட்கும் சட்டம், மனத்தை ஆராயும் உளவியல்: இனம் பற்றிய ஆய்வுத்துறை குறித்துக் கேள்வி பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியல், சட்டம், இனம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராய்பவர்கள் என்னதான் செய்கிறார்கள், அந்த வழியில் எப்படிப் போவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் அந்தத் துறையில் ஆய்வு செய்து பாடம் நடத்துகிறவள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

உளவியல் மாணவி, திருச்சி: அக்கா, குற்றவாளிகளின் மனநிலையை ஆராய்வதுதானே சட்ட உளவியல்? இனம் இதில் எங்கே வருகிறது?

குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையை மதிப்பிடுவது ஒரு கிளை. மருத்துவ உளவியல் படித்தவர்கள் அதைச் செய்கிறார்கள். நான் இருக்கும் கிளை, தீர்மானிக்கிறவர்களின் மனத்தை ஆராய்கிறது. காவலர், சாட்சி, அரசு வழக்குரைஞர், ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு), நீதிபதி என்று ஒரு வழக்கு பல கைகளைக் கடந்து போகிறது. எதிரே நிற்பவரின் நிறம் இவர்களுடைய பார்வையையும் நினைவையும் முடிவையும் எப்படி மாற்றுகிறது என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1976இல் 'வாஷிங்டன் எதிர் டேவிஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வரையறை வைத்தது. அரசின் நடவடிக்கை ஒன்று கருப்பின மக்களை அதிகம் பாதிக்கிறது என்று காட்டினால் மட்டும் அரசியல் சாசனப்படி வழக்கு நிற்காது. பாகுபடுத்தும் நோக்கம் இருந்ததென்றும் நிறுவ வேண்டும். 1987இல் சட்டப் பேராசிரியர் சார்ல்ஸ் லாரன்ஸ் இதை எதிர்த்து எழுதினார். பாகுபாட்டின் பெரும்பகுதி செய்பவருக்கே தெரியாமல் நடக்கிறது. அப்படியிருக்க நோக்கத்தை மட்டும் தேடுகிற சட்டம் எதைப் பிடிக்கும் என்பது அவர் வாதம். இந்தத் துறையில் இன்றுவரை நடக்கும் வேலையில் பாதி அந்தக் கேள்விக்கான விடைதான்.

பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்: பொம்மைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்தது என்று படித்தேன். உண்மையா?

ஓரளவு உண்மை. ஆனால் முழுக் கதை அதைவிடச் சிக்கலானது, அதைவிட அழகானதும்கூட.

மேமி ஃபிப்ஸ் கிளார்க், கென்னத் கிளார்க் என்ற கருப்பினத் தம்பதியர். இருவரும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, பிறகு கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கென்னத் 1940இல், மேமி 1943இல். கென்னத்தின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் கருப்பினக் குழந்தைகளுக்குத் தம்மைப் பற்றிய உணர்வு எப்படி உருவாகிறது என்ற கேள்வி மேமியின் முதுகலை ஆய்வில் முளைத்தது. அதற்குமுன் 1938இல், குடிமை உரிமை வழக்குகளை நடத்திய சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனின் சட்ட அலுவலகத்தில் அவர் வேலை பார்த்திருந்தார். பள்ளிப் பிரிவினையைத் தகர்க்கும் வழக்குகளுக்கு ஆயத்தம் நடப்பதை அங்கே நேரில் கண்டார். உளவியலும் சட்டமும் அவரிடம் சேர்ந்தது அந்த மேசையில்.

நிறம் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்த பொம்மைகளை 3 முதல் 7 வயது வரையிலான 253 கருப்பினக் குழந்தைகளிடம் காட்டினார்கள். விளையாட எது பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது கெட்டதாகத் தெரிகிறது, எது உன்னைப்போல் இருக்கிறது என்று கேட்டார்கள். 67 விழுக்காட்டினர் விளையாட வெள்ளைப் பொம்மையைத் தேர்ந்தார்கள். 59 விழுக்காட்டினர் பழுப்புப் பொம்மையைக் கெட்டதென்று காட்டினார்கள். கடைசிக் கேள்வி வந்ததும் சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையைவிட்டு ஓடினார்கள்.

1951இல் தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்ட வழக்குக்காக கென்னத் அங்கேயே போய் 16 குழந்தைகளிடம் இதைச் செய்து சாட்சி சொன்னார். அந்த வழக்கு மற்றவற்றோடு சேர்ந்து 1954 மே 17 அன்று, பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்ற உச்ச நீதிமன்றத்தின் 'பிரவுன்' தீர்ப்பாக முடிந்தது. பிரிவினை குழந்தைகளின் உள்ளத்தில் ஆறாத காயத்தை விட்டுச் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. அதன் 11ஆம் அடிக்குறிப்பில் முதலில் நிற்பது கென்னத் கிளார்க்கின் பெயர்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். அந்த 253 குழந்தைகளில் 134 பேர் தெற்கே ஆர்கன்சாஸில் பிரிவினைப் பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் வடக்கே மாசசூசெட்ஸில் கலப்புப் பள்ளிகளில் படித்தவர்கள். பழுப்புப் பொம்மையைக் கெட்டதென்றவர்கள் தெற்கில் 49 விழுக்காடு, வடக்கில் 71 விழுக்காடு. பள்ளிப் பிரிவினைதான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பிரிவினையை ஆதரித்த தரப்பு இதை விடாமல் பிடித்துக்கொண்டது. பள்ளிச் சுவருக்கு வெளியே நாடு முழுவதும் பரவியிருந்த இழிவுபடுத்தலைத்தான் அந்தக் குழந்தைகள் உள்வாங்கியிருந்தார்கள் என்பது என் வாசிப்பு. அப்படியானால் அந்த ஆய்வு ஒரு பள்ளியைவிடப் பெரிய குற்றத்துக்குச் சாட்சி. ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த குறுகலான கேள்விக்கு அது நேரான விடை ஆகாது. இதை மறைக்காமல் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வழக்குரைஞர், மதுரை: பேராசிரியருக்கு வணக்கம். புள்ளிவிவரம் தெளிவாக இருந்தும் நீதிமன்றங்கள் ஏற்காத வழக்குகள் உண்டா?

உண்டு. அந்த வழக்குதான் இந்தத் துறையின் மையம்.

வாரன் மெக்கிளெஸ்கி என்ற கருப்பினத்தவர், வெள்ளையினக் காவலர் ஒருவரைக் கொன்றதாக ஜார்ஜியாவில் மரண தண்டனை பெற்றார். அயோவா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் டேவிட் பால்டஸ் தம் சகாக்களுடன் ஜார்ஜியாவின் 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்திருந்தார். இனம் சாராத 39 காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், கொல்லப்பட்டவர் வெள்ளையினத்தவராக இருந்தால் மரண தண்டனை கிடைக்கும் சாத்திய விகிதம் 4.3 மடங்காக இருந்தது.

1987இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் மெக்கிளெஸ்கியின் மனுவைத் தள்ளியது. ஆய்வு சரியானதென்றே வைத்துக்கொண்டு தள்ளியது என்பதைக் கவனியுங்கள். மாநிலம் முழுவதற்குமான கணக்கு சரி, ஆனால் இந்த மனிதரின் வழக்கில் இந்த ஜூரி பாகுபடுத்தும் நோக்கத்தோடு நடந்தது என்பதற்கு அது சான்றாகாது என்றது. இதை ஏற்றால் குற்றவியல் நீதி முறை முழுவதுமே கேள்விக்குள்ளாகும் என்ற கவலையும் தீர்ப்பில் இருந்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பிரென்னன் அந்தக் கவலையை, நீதி அளவுக்கு மிஞ்சிவிடுமோ என்ற அச்சம் என்று கண்டித்தார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல் ஓய்வுபெற்ற பின், தம் வாக்கை மாற்ற முடிந்தால் இந்த வழக்கில் மாற்றுவேன் என்று தம் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் சொன்னார். மெக்கிளெஸ்கி 1991இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்.

அறிவியல் பலரைப் பற்றிப் பேசுகிறது, நீதிமன்றம் ஒருவரைப் பற்றிக் கேட்கிறது. எங்கள் உழைப்பெல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் ஜெனிஃபர் எபர்ஹார்ட்டும் சகாக்களும் 2006இல் செய்தது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பால்டஸ் திரட்டிய ஃபிலடெல்ஃபியா வழக்குகளிலிருந்து, கருப்பினத்தவர் வெள்ளையினத்தவரைக் கொன்ற 44 வழக்குகளை எடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களின் படங்களை, அவர்கள் யாரென்று சொல்லாமல் மாணவர்களிடம் காட்டி, 'கருப்பினத் தோற்றம்' எந்த அளவுக்கு இருக்கிறது என்று மதிப்பிடச் செய்தார்கள். அந்தத் தோற்றம் குறைவாக இருந்தவர்களில் 24.4 விழுக்காட்டினரும், அதிகமாக இருந்தவர்களில் 57.5 விழுக்காட்டினரும் மரண தண்டனை பெற்றிருந்தார்கள். கொல்லப்பட்டவரும் கருப்பினத்தவராக இருந்த வழக்குகளில் இந்த வேறுபாடே இல்லை. மூக்கும் உதடும் தோலும் ஓர் உயிரின் விலையைத் தீர்மானித்தன. இந்த எண்களை வகுப்பில் எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சட்டமும் மெல்ல நகர்ந்திருக்கிறது. கலிஃபோர்னியா 2020இல் இயற்றிய இன நீதிச் சட்டம், நோக்கத்தை நிறுவாமலேயே புள்ளிவிவரத்தைக் கொண்டு முறையிட வழி செய்கிறது. மெக்கிளெஸ்கி தீர்ப்புக்கு மறுமொழியாகவே அதைக் கொண்டுவந்தார்கள்.

தகவல் தொழில்நுட்பப் பணியாளர், சென்னை: வேற்று இனத்தவரின் முகங்கள் எனக்கு ஒரே மாதிரித் தெரிகின்றன. இது இனவெறியா மேடம்?

தன்னளவில் இல்லை. எல்லா இனத்தவரிடமும் காணப்படும் இயல்பு இது. எந்த முகங்களோடு அதிகம் பழகினோமோ அவற்றை நுணுக்கமாகப் பிரித்தறிகிறோம். 1969 முதலே சோதனைகள் இதைக் காட்டிவருகின்றன. சிக்கல் அடையாள அணிவகுப்பில் வருகிறது. 1984இல் வட கரோலினாவில் பாலியல் வன்முறைக்கு ஆளான வெள்ளையின மாணவி ஒருவர், தாக்கியவர் ரொனால்ட் காட்டன் என்ற கருப்பின இளைஞர்தான் என்று முழு நம்பிக்கையோடு அடையாளம் காட்டினார். 10 ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் இருந்த பிறகு, 1995இல் டிஎன்ஏ சோதனை காட்டனைக் குற்றமற்றவரென்று காட்டி, வேறொருவரை அடையாளம் சொன்னது. அந்த மாணவி பொய் சொல்லவில்லை. அவருடைய நினைவு அவரை ஏமாற்றியது. இன்று நியூ ஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்களில், சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவரும் வெவ்வேறு இனத்தவராக இருந்தால் இந்தப் பலவீனத்தை நீதிபதி ஜூரியிடம் எடுத்துச் சொல்ல விதி இருக்கிறது. உளவியல் சோதனைக்கூடத்திலிருந்து நேரே நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த அறிவு இது.

சட்டக் கல்லூரி மாணவர், கோவை: கணினியில் எடுக்கும் உள்ளார்ந்த முன்சார்புச் சோதனையைக் கொண்டு ஒரு நீதிபதி பாகுபாடு உள்ளவரென்று நிரூபிக்க முடியுமா?

முடியாது, முயலவும் கூடாது. முகங்களையும் சொற்களையும் எவ்வளவு வேகமாகச் சேர்க்கிறோம் என்பதை அளக்கும் அந்தச் சோதனையை கிரீன்வால்டும் சகாக்களும் 1998இல் வெளியிட்டார்கள்; மஹ்சரின் பானாஜியும் அதன் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். பெரிய கூட்டங்களின் போக்கை அறிய அது உதவும். ஒரே மனிதர் இரண்டு முறை எடுத்தால் மதிப்பெண் மாறலாம். தனி மனிதரை முத்திரை குத்த அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

அதே மாணவர்: அப்படியானால் ஜூரித் தேர்வில் பாகுபாட்டை எப்படிக் காட்டுவது?

சில நேரம் எழுத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். 'ஃபாஸ்டர் எதிர் சாட்மன்' வழக்கில் அரசுத் தரப்பின் பழைய குறிப்புகள் வெளியே வந்தபோது, கருப்பின ஜூரி வேட்பாளர்களின் பெயர்கள் பச்சை நிறத்தில் தீட்டப்பட்டிருந்தன. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பெரும்பாலும் அப்படிச் சான்று கிடைக்காது. அதனால்தான் வாஷிங்டன் மாநிலம் 2018இல், வழக்குரைஞர் ஒரு ஜூரி வேட்பாளரை நீக்குவதை, நோக்கத்தைத் தேடாமலேயே நீதிமன்றம் மறுக்க விதி கொண்டுவந்தது. நனவுக்கு எட்டாத முன்சார்பும் அந்த விதியில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறது. சாமுவேல் சாமர்ஸ் 2006இல் மாதிரி ஜூரிகளை வைத்துச் செய்த ஆய்வையும் படியுங்கள். இனக் கலப்புள்ள குழுக்கள் அதிக நேரம் விவாதித்தன. அந்தக் குழுக்களில் இருந்த வெள்ளையினத்தவரே தகவல் பிழைகளைக் குறைவாகச் செய்தார்கள்.

உளவியல் முதுகலை மாணவி, திருநெல்வேலி: இரண்டு பட்டங்களும் வேண்டுமா? செலவு எப்படி?

ஆய்வு செய்ய விருப்பமென்றால் உளவியல் பிஎச்.டி. போதும். சமூக உளவியலோ அறிதல் உளவியலோ எடுத்து, சட்டத்தோடு தொடர்புள்ள பேராசிரியரிடம் சேருங்கள். சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தவோ வழக்காடவோ விரும்பினால் ஜே.டி. என்ற அமெரிக்கச் சட்டப் பட்டமும் தேவைப்படும். நெப்ராஸ்கா–லிங்கன் பல்கலைக்கழகம் 1974 முதல் இரண்டையும் சேர்த்து வழங்குகிறது. நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரி, பெர்க்லியின் சட்டம்–சமூகக் கொள்கை முனைவர் திட்டம் ஆகியவற்றையும் பாருங்கள். பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். ஜே.டி.க்குப் பெரும்பாலும் கடன்தான். வீட்டுச் சூழல் பார்த்து முடிவெடுங்கள் அம்மா. புள்ளியியலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குறுக்கு விசாரணையில் முதலில் தாக்கப்படுவது உங்கள் கணக்குதான்.

ஆய்வு மாணவர், புதுச்சேரி: கருப்பினத்தவர் அல்லாத நாம் இதை ஆராயலாமா? சாதியை இப்படி ஆராய்ந்திருக்கிறார்களா?

ஆராயலாம், ஆனால் கற்றுக்கொள்கிறவராகப் போக வேண்டும். கருப்பின ஆய்வாளர்கள் எழுதியதை முதலில் முழுமையாகப் படியுங்கள். யாரைப் பற்றி ஆராய்கிறீர்களோ அவர்களோடு சேர்ந்து கேள்வியை வகுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பானாஜி செகந்திராபாத்தில் பிறந்தவர், ஒஸ்மானியாவில் படித்தவர்.

சாதி பற்றியும் வலுவான ஆய்வுகள் உண்டு. கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களுக்குப் புதிர்வழிகளைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் மற்றவர்களுக்கு ஏறத்தாழ நிகராகவே செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் சாதியை அறிவித்ததும் அவர்களுடைய மதிப்பெண் சரிந்தது. 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும், ஒரே தகுதியோடு வெவ்வேறு பெயர்களில் வேலை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. அமெரிக்கச் சட்டத்திலும் இது நுழைந்துவிட்டது: 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் வந்த மசோதாவை ஆளுநர் தம் மறுப்புரிமையால் நிறுத்தினார். சாதி நம் நீதிமன்றங்களில் சாட்சியின் நம்பகத்தன்மையை எப்படிப் பாதிக்கிறது என்று யாராவது முறையாக ஆராய வேண்டும். நீங்கள் தொடங்கினால் நான் உதவுகிறேன்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சேலம்: நிபுணர் சாட்சிகள் கூலிக்குப் பேசுகிறவர்கள் என்கிறார்களே அம்மா?

அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள் ஐயா. ஆனால் 1952இல் வர்ஜீனியாவில் நடந்ததையும் சொல்லுகிறேன். பள்ளிப் பிரிவினை வழக்கில் அரசுத் தரப்புக்காக ஹென்றி காரெட் சாட்சி சொன்னார். கொலம்பியாவின் புகழ்பெற்ற உளவியல் பேராசிரியர், அமெரிக்க உளவியல் சங்கத்தின் முன்னாள் தலைவர், மேமி கிளார்க்கின் முனைவர் ஆய்வுக்கு வழிகாட்டியவரும் அவரே. பிரிவினையால் கேடில்லை என்று அவர் சொன்னதை மறுக்க, கருப்பினத் தரப்பு மேமியைத்தான் அழைத்தது. தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியருக்கு எதிராக, அவரிடமே கற்ற முறைகளைக் கொண்டு மேமி சாட்சி சொன்னார். அதற்குள் அவர், தம் தந்தை கடனாகத் தந்த 946 டாலரைக் கொண்டு கணவரோடு 1946இல் ஹார்லெமில் தொடங்கிய குழந்தைகள் மையத்தை நடத்திக்கொண்டிருந்தார். அந்த மையத்தின் இயக்குநராக 1979 வரை இருந்தார்.