பால் கசிவும் புரோலாக்டினும்: முதலில் மாத்திரைப் பொட்டலத்தைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எனக்கு வயது 31. மகள் பால் மறந்து மூன்று வருஷமாகிறது. இப்போது மார்பில் பால் கசிகிறது, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. கர்ப்பம் இல்லை என்று பார்த்தாயிற்று. இரத்தப் பரிசோதனையில், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 64. இயல்பு 25க்குள் என்று போட்டிருக்கிறது. இரத்தப் பரிசோதனை முகாம் நடத்தியவர் "மூளையில் கட்டி இருக்கும், ஸ்கேன் எடுங்கள்" என்கிறார், ஹார்மோன் பவுடரும் விற்கிறார். கேஸ்டிரிக்குக்கு கிளினிக்கில் தந்த மாத்திரையைப் பல மாதமாகச் சாப்பிடுகிறேன். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. அதில் புரோலாக்டின் செய்யும் செல்கள், தடுக்க ஆளில்லாவிட்டால் சுரந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கு மூக்கணாங்கயிறு, மூளையிலிருந்து வரும் டோபமின் என்ற ரசாயனம். அது செல்லுக்குள் நுழைவதில்லை. மேற்பரப்பில் உள்ள டி2 என்ற ஏற்பியில் வந்து ஒட்டுகிறது, அவ்வளவுதான். ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் வரத்து குறைகிறது, சேர்த்து வைத்த ஹார்மோன் வெளியே போவது சில நிமிஷங்களில் மட்டுப்படுகிறது. அதே சமிக்ஞை உட்கருவரை போய் புரோலாக்டின் மரபணுவின் வேலையையும் குறைக்கிறது. அதற்குக் கூடுதல் நேரமாகும்.

வயிற்றுத் தொல்லைக்கும் தரும் மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன் போன்ற குமட்டல் மாத்திரைகள் அந்த டி2 ஏற்பியை அடைத்துக்கொள்கின்றன. டோபமினுக்கு இடமில்லை. புரோலாக்டின் ஏறுகிறது, பால் கசிகிறது, மாதவிலக்கு தடைபடுகிறது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வேறு வகை, அது இந்த ஏற்பியை அடைப்பதில்லை.

உங்களிடம் இருப்பது எது? ‘சாக்கிட் பெருட்’ (மலாயில் வயிற்று வலி) என்று மட்டும் எழுதிய சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தை வைத்து எந்த மருத்துவரும் சொல்ல முடியாது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது பொறுக்கவில்லை. கிளினிக்குக்குப் போய் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன் இரண்டில் ஒன்றாக இருந்தால், மருத்துவரிடம் சொல்லி நிறுத்தி, மூன்று நாள் கழித்து மறுபடி இரத்தம் பாருங்கள். தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மனநல மருந்துகளில் பலவும், முக்கியமாக ரிஸ்பெரிடோன், இதே ஏற்பியைத்தான் அடைக்கின்றன. வீட்டில் யாராவது அதைச் சாப்பிட்டு இதே தொல்லை வந்தால், இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஒரு நாள்கூட வேண்டாம். நோய் திரும்பினால் குடும்பமே தவிக்கும். எழுதித் தந்த மனநல மருத்துவரிடமே போங்கள்; தேவையானால் மாற்று மருந்து அவர் தருவார்.

பவுடர் வேண்டவே வேண்டாம். டப்பாவில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இல்லையென்றால் அது பதிவில்லாத சரக்கு. எண் இருந்தாலும் அது டோபமின் வேலையைச் செய்யும் என்று நம்ப வேண்டாம். முகாம் போட்டு இருபது பரிசோதனை எடுப்பவர்கள், "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அதில் அவர்களுக்குக் காசு இல்லை.

மறுபடி பார்த்தும் அளவு இறங்கவில்லையா? அப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைதான். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள். தேதி மாதக்கணக்கில் தள்ளித் தருவார்கள், அது எனக்கும் எரிச்சல்தான். அதற்காகத் தரகர் கையில் பணம் கொடுக்காதீர்கள். புரோலாக்டின் கட்டியே இருந்தாலும் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை. டி2 ஏற்பியைத் தூண்டும் காபர்கோலின் மாத்திரையே சுரப்பைக் குறைத்து கட்டியையும் சுருக்கும்.

கடுமையான தலைவலியோ, பக்கவாட்டுப் பார்வை மங்கலோ வந்தால் மட்டும் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.